நீரில் நின்று உழைப்பவருக்கு இறப்பர் சப்பாத்து

காணியை விட்டு இடம்பெயர்ந்த பின் குளத்திலும் களப்பிலும் வலை வீசிப் பிழைக்கப் பழகிக்கொண்ட கமக்காரக் குடும்பங்கள் பல. மார்கழி, தை மாதத்து வாடையில், விடியற்புறம் தொடையளவு நீரில் நிற்பது எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுத்துக்கொள்ளும். கால் விறைத்தால் சிறிது நேரத்தில் கையும் சோர்ந்துவிடும்.

குளிர் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நீரில் ஊறி மெதுத்த தோலிலும், சிறு கீறல்களிலும் எலிக்காய்ச்சல் கிருமி இலகுவாகப் புகுந்துவிடும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கும் அதிகமானோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. 2024 டிசம்பரில், வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் சிலரின் உயிரைப் பறித்த காய்ச்சலும் இதுவே. நீரில் வேலை செய்தவருக்கு ஓரிரு வாரங்களில் கடுங்காய்ச்சலும், கெண்டைக்காலில் தசைநோவும், கண்சிவப்பும் கண்டால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நீரில் நின்று வேலை செய்ததை வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். வேலைக்கு இறங்குமுன் எடுக்கும் தடுப்பு மாத்திரை பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம்.

கடைகளில் 'பூட்ஸ்' என்று கேட்டு வாங்கும் நீண்ட இறப்பர் சப்பாத்து இவ்விரண்டிலிருந்தும் ஓரளவு காக்கும். ஆனால் அது மலிவான பொருளல்ல. பிழையானதை வாங்கிவிட்டால் அந்தப் போகம் முழுவதும் வெறுங்கால்தான்.

எவ்வளவு உயரம் வேண்டும்?

முழங்கால் வரை, தொடை வரை, மார்பு வரை என மூன்று வகை உண்டு. மார்பு வரை வருவது காற்சட்டையும் சப்பாத்தும் ஒன்றாய் இணைந்தது. பனிநாடுகளில் ஆற்றின் நடுவே மணிக்கணக்காக நின்று தூண்டில் போடுவோர் அணிவது. அவற்றுள் சில, நுண்ணிய வாயுக்குமிழ்கள் நிறைந்த நியோபிறீன் என்னும் தடித்த செயற்கை இறப்பரால் ஆனவை. உறைகுளிருக்கு அது நல்லது. எமது வெயிலுக்கு அது ஆகாது. ஒரு மணித்தியாலத்தில் உள்ளே வியர்வையே குளமாகிவிடும். மார்புயரம் வேண்டுவோர் மெல்லிய வகையையே தேட வேண்டும்.

உள்ளே நீர் புகுந்தால் அது ஆளைக் கீழே இழுத்துவிடும் என்று பலர் அஞ்சுவர். உள்ளே உள்ள நீருக்கு வெளியே உள்ள நீரைவிடப் பாரம் இல்லை. ஆகவே நீருக்குள் இருக்கும்வரை அது இழுக்காது. ஆபத்து வேறு விதமானது. நீந்தக் கால் எழாது. கரையேற முயலும்போது உள்ளிருக்கும் நீரின் முழு நிறையும் காலில் தொங்கும். எனவே மார்புயரச் சப்பாத்தை அணிபவர் இடுப்பில் இறுக்கமாகப் பட்டி கட்ட வேண்டும். விழுந்தாலும் நீர் விரைந்து உள்ளே புகாது. குளத்தின் துருசுப் பக்கத்திலும், தோணியிலும் இதை அணியவே கூடாது.

வயலுக்கும் களப்புக் கரைக்கும் முழங்கால் உயரமே போதும் என்பது எமது கருத்து. ஆனால் சேற்றில் ஒரு தொல்லை உண்டு. கால் வந்துவிடும், சப்பாத்து சேற்றிலேயே நின்றுவிடும்! குதிக்காலும் கணுக்காலும் தளர்வாக இருப்பதே இதற்குக் காரணம். யப்பானிய விவசாயிகள் நாற்று நடும்போது அணியும் சப்பாத்து மெல்லிய இறப்பரால் ஆனது. கணுக்காலை ஒட்டிப் பிடிக்கும். அத்தகையது கிடைக்காவிடில், கணுக்காலைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப் துண்டொன்றைக் கட்டிக்கொண்டால் பெரிதும் உதவும்.

இதனால் அளவு மிக முக்கியமாகிறது. நிவாரணமாகக் கிடைக்கும் சப்பாத்துகள் பெரும்பாலும் பெரிய ஆண்களின் அளவு. கணவனின் சப்பாத்தோடு களை பிடுங்க இறங்கும் பெண் இரண்டு எட்டில் அதைக் கழற்றி வரம்பில் வைத்துவிடுவாள். ஒரு சோடி மட்டுமே வாங்க முடியுமாயின், நீரில் அதிக நேரம் நிற்பவர் யார் என்று பார்த்து அவர் காலுக்கே வாங்குங்கள். அநேக வீடுகளில் அது பெண்ணின் காலாக இருக்கும். கால் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்ப்பது நல்லது. பருத்திக் காலுறை வியர்வையில் ஊறிக் குளிரும். கம்பளி அல்லது செயற்கை நூல் காலுறை ஈரத்திலும் சூட்டை வைத்திருக்கும்.

இறப்பரா, பி.வி.சி.யா?

மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை தண்ணீர்க் குழாய் செய்யும் அதே பி.வி.சி.யை மெதுவாக்கிச் செய்தவை. குளிரில் இவை விறைக்கும். நடக்க நடக்க, மடியும் இடமாகிய கணுக்காலில் வெடிக்கும். எண்ணெய், டீசல் படும் வேலைக்கு இவை நல்லவைதான். நாளாந்தம் நீரில் நிற்பவருக்கு இயற்கை இறப்பரே உகந்தது. கடையில் கணுக்காலை நன்றாக மடித்து விடுங்கள். நல்ல இறப்பர் உடனே துள்ளி நிமிரும். மடித்த இடத்தில் வெள்ளைக்கோடு தெரிந்தால், அல்லது விரல் நகமளவு வெடிப்புகள் கண்டால், அது கடையில் நெடுநாள் கிடந்த பழைய சரக்கு. அடிப்பாகம் மேற்பாகத்தோடு சேரும் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள்.

களப்பில் இறங்குவோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருக்கையின் முள் எந்த இறப்பரையும் துளைக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் அது விலகிப்போகும்.

இறப்பரைக் கெடுப்பவை வெயில், மண்ணெண்ணெய், எஞ்சின் எண்ணெய் ஆகியவையே. உப்புநீரில் நின்று வந்தால் நன்னீரில் கழுவி, நிழலில் தடிகளில் தலைகீழாகக் கவிழ்த்து உலர விட வேண்டும். தகரக் கூரையின் கீழ் தொங்கவிட்டால் அந்தச் சூட்டிலேயே இறப்பர் நைந்துவிடும். காலையில் தட்டி உதறிய பின்னரே கால் விடுங்கள். உள்ளே தேள் இருக்கலாம்.

இயற்கை இறப்பரின் பெரிய நன்மை, அதைச் சைக்கிள் கடைச் சாமான்களாலேயே ஒட்டலாம் என்பது. பி.வி.சி.யில் அந்த ஒட்டு இரண்டு நாளில் உரிந்துவிடும். ஓட்டையைச் சுற்றி நன்றாக உலர்த்தி, அரத்தாளால் உரஞ்சி, சொலூசனை மெல்லியதாகப் பூசுங்கள். அது காய்ந்து விரலில் சற்றே ஒட்டும் பதத்துக்கு வந்ததும் டியூப் துண்டை வைத்து அழுத்துங்கள். ஓரிரவு விட்டு, மறுநாள் சப்பாத்துக்குள் நீர் நிரப்பி, வெளிப்புறத்தில் எங்காவது கசிகிறதா என்று பார்த்த பின் வேலைக்குக் கொண்டு போகலாம்.