கழல மறுக்கும் சில்லு

நட்டுக்கள் எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. ஜக்கில் வாகனம் உயர்ந்து நிற்கிறது. மாற்றுச் சில்லும் பக்கத்தில் தயாராக இருக்கிறது. ஆனால் காற்றுப்போன சில்லோ இருந்த இடத்தை விட்டு அசைய மறுக்கிறது. பாம்பு கடித்த ஒருவரை ஏற்றிக்கொண்டு தூரத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட வானுக்கு இரவு வேளையில் இந்த நிலை ஏற்படுமானால் என்ன ஆகும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

எமது குடும்பங்களில் உள்ள வாகனங்கள் பெரும்பாலும் பழையவை. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் முதல் ஜப்பான் வான்கள் வரை, பல கை மாறி வந்தவை. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், 2009 இல் வன்னியிலும், எத்தனையோ வாகனங்கள் நின்ற இடத்திலேயே விடப்பட்டன. மீண்டு வந்தவையும் கொட்டிலிலோ வேப்பமரத்தின் கீழோ வருடக்கணக்கில் மாரி மழையைக் குடித்தவை. இப்படி நின்ற வாகனத்தின் சில்லைக் கழற்ற முடியாமல், ஓடக்கூடிய வாகனத்தையே பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுவது வீண் நட்டம். பொறுமையும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இருந்தால் ஒட்டிய சில்லுகளிற் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே கழற்றலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. போர் நடந்த இடத்தில், பற்றைக்குள் கிடக்கும் வாகனம் உங்களுடையதே ஆனாலும், கண்ணிவெடி அகற்றுவோர் அந்தக் காணியைப் பார்த்து முடிக்கும்வரை அதன் கிட்டப் போகவேண்டாம். கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். கதவைத் திறப்பதும் சில்லைத் தொடுவதும் அதன் பின்னர்தான்.

சில்லு ஏன் ஒட்டுகிறது? மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். வண்டிச் சில்லின் குடம் அச்சின்மேல் சுழல்கிறது. சுழலும் இடம் தேயும் என்பதால் நாம் மறக்காமல் மசகு போடுகிறோம். மோட்டார் வாகனத்திலோ சில்லு அச்சின்மேல் நேரே சுழல்வதில்லை. ஹப் என்று சொல்லப்படும் குடம் தனியாக இருக்கிறது. சில்லு அதன்மேல் அமர்த்தப்பட்டு நட்டுக்களால் இறுக்கப்படுகிறது. இரண்டும் சேர்ந்தே சுழல்கின்றன. அவற்றுக்கிடையில் அசைவு இல்லை. ஆகவே அந்த இடத்தை எவரும் கவனிப்பதில்லை. ஹப்பின் நடுவே உள்ள வளையமும் சில்லின் நடுத் துளையும் சந்திக்கும் நூலிடை வெளியில் தண்ணீர் இறங்கி இரும்பு கறள் பிடிக்கிறது. கறள் தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தைப் பிடிப்பது. வெளியே வர வழியில்லாமல் அது ஆப்புப்போல இறுகிவிடுகிறது. பிந்தி வந்த வான்களில் உள்ள அலுமினியச் சில்லுகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாகப் பூத்து இறுகும். மன்னார், முல்லைத்தீவு போன்ற கரையோரங்களில் உள்ளவர்கள் இதை விசேடமாகக் கவனிக்கவேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் ஒட்டியிருப்பது எது என்று தெளிவாக அறியுங்கள். கியரை நியூட்ரலில் விட்டு, கைபிறேக்கை எடுத்து, மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் அணை கொடுத்து, குறித்த சில்லை உயர்த்திச் சுற்றிப் பாருங்கள். சுற்றாவிட்டால் பெரும்பாலும் பிறேக்தான் உள்ளே பிடித்திருக்கிறது. கைபிறேக் போட்டபடி நீண்டகாலம் நின்ற வாகனங்களில் இது சாதாரணம். அது வேறு வேலை. சில்லு தாராளமாகச் சுற்றுகிறது, ஆனால் நட்டுக் கழற்றியும் வெளியே வரவில்லை என்றால் மட்டுமே இந்தப் பாடம் பொருந்தும். நட்டே திறக்காத சிலர், சில பழைய லொறிகளில் இடப்பக்கச் சில்லுகளின் நட்டுக்கள் எதிர்ப்பக்கமாகத் திறப்பவை என்பதையும் நினைவில் வைத்தல் நல்லது. தெரியாமல் இறுக்கியே ஆணியை முறித்தவர்கள் உண்டு.

அவசரம் இல்லாதபோது எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். 1990 க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்களை ஓடவைத்த அதே மண்ணெண்ணெய் இங்கும் உதவும். அதனுடன் சம அளவு என்ஜின் ஒயிலைக் கலந்து, ஹப் மூடியைக் கழற்றிவிட்டு, கோழி இறகினால் நடுவளையத்தைச் சுற்றியும் ஒவ்வொரு ஆணியின் அடியிலும் தொட்டு வையுங்கள். ஊற்றவேண்டாம். அதிகமாக ஊற்றினால் உள்ளே வழிந்து பிறேக்கில் பட்டு, பிறகு பிறேக் பிடிக்காது. சில்லின் நடுப்பகுதியை மரக்கட்டையால் மெதுவாகத் தட்டிக்கொடுத்தால் எண்ணெய் இடுக்குக்குள் இறங்கும். ஒரு இரவு விட்டு, காலையில் மீண்டும் ஒருமுறை வையுங்கள்.

அடுத்தது வாகனத்தின் பாரத்தையே வேலைக்காரனாக்கும் முறை. எமது எண்ணத்தில் இதுவே எல்லாவற்றிலும் சிறந்தது. ஆள் பலம் தேவையில்லை. தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்களும் செய்யலாம். வீதியில் நின்றுவிட்டபோதும் இதைத்தான் முதலில் செய்யவேண்டும். கழற்றிய நட்டுக்களைக் கையால் திரும்பப் போட்டு முடியுங்கள். பின் ஒவ்வொன்றையும் ஒரு சுற்று மட்டும் இளக்கிவிடுங்கள். ஜக்கை இறக்கிச் சில்லை நிலத்தில் நிறுத்துங்கள். ஆட்களை இறக்கிவிட்டு, மட்டமான இடத்தில், நடை வேகத்திலும் குறைவாக இரண்டு மூன்று அடி முன்னுக்கு எடுத்துச் சட்டென்று பிறேக் அடியுங்கள். அதேபோல் பின்னுக்கும் செய்யுங்கள். சில தடவைகளில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதுதான் கறள் விட்ட சத்தம். உடனே நிறுத்துங்கள். என்ஜின் வேலைசெய்யாத வாகனமானால் நாலு பேர் தள்ள ஒருவர் பிறேக் அடிக்கலாம். முன்சில்லானால், நின்றபடியே ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்புவதும் உதவும். இளக்கிய நட்டுக்களோடு ஒருபோதும் வீதியில் ஓட்டக்கூடாது.

அதற்கும் இளகாவிட்டால் உதைக்கவேண்டும். இங்கேதான் உயிர் ஆபத்து இருக்கிறது. ஜக் என்பது தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானதல்ல. உதைக்கும் அதிர்ச்சியில் அது சரியும். ஆகவே அடிச்சட்டத்தின் கீழ் உறுதியான பனங்குற்றி ஒன்றை வைத்து, வாகனத்தை அதன்மேல் இருத்துங்கள். சீமெந்துக் கல் வேண்டாம். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். நட்டுக்கள் மூன்று நாலு புரி பிடித்தபடி இருக்கட்டும். இல்லையேல் கழன்ற சில்லு உங்கள் காலில் வந்து விழும். பின்பு நிலத்தில் இருந்து, குதிக்காலால் டயரின் மேற்பக்கத்தில் ஒரு உதை, சில்லை அரைச் சுற்றுச் சுற்றி மறுபடியும் ஒரு உதை, இப்படி இடம் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். உட்பக்கத்திலிருந்து தள்ளவேண்டுமானால், நீண்ட தீராந்தித் துண்டு ஒன்றை மறுபக்கத்திலிருந்து வாகனத்தின் கீழாக நீட்டி, டயரின் உட்பக்கத்தில் முட்டவைத்து, வெளியே நின்றுகொண்டு அதன் முனையைச் சம்மட்டியால் அடிக்கலாம். உங்கள் உடம்பில் எப்பகுதியும் வாகனத்தின் கீழே போகக்கூடாது. ரிம்மில் நேரே இரும்பால் அடிப்பதும், அலவாங்கைச் செருகி நெம்புவதும் வேண்டாம். அலுமினியம் வெடிக்கும், பிறேக் தகடு வளையும்.

நெருப்பு வைக்கும் யோசனை சிலருக்கு வரும். வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் பூட்டும்போது கொல்லர் அதைச் சூடாக்குவதைப் பார்த்துப் பழகிய கண்கள் எமது. ஆனால் வண்டிச் சில்லில் காற்று இல்லை. காற்றடைத்த டயருள்ள ரிம்மைச் சூடாக்கினால் டயர் குண்டுபோல வெடிக்கக்கூடும். மண்ணெண்ணெய் பூசிய இடம் என்பதையும் மறக்கவேண்டாம்.

சில்லு கழன்றதும் பலர் புதியதைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த முறையும் இதே பாடுதான். கம்பித் தூரிகையால் ஹப்பின் முகத்தையும் சில்லின் துளையையும் இரும்பு தெரியும்வரை தேய்த்துத் துடையுங்கள். நடுவளையத்தில் மட்டும் விரலால் மெல்லியதாகக் கிறீஸ் தடவுங்கள். ஆணிகளிலும் நட்டு அமரும் குழிகளிலும் கிறீஸ் படக்கூடாது. வழுக்கும் புரியில் நட்டு அளவுக்கு மீறி இறுகி ஆணியை இழுத்துவிடும்.

நட்டுக்களைக் கையால் முடிந்தவரை போட்டு, சில்லு நிலத்தில் நின்றபின் ஒன்றுக்கு எதிரே மற்றதாக மாறி மாறி இறுக்குங்கள். ஸ்பனரின் நீளத்துக்குக் கைபலம் போதும். இறுக்குவதற்குக் குழாய் செருகவோ ஏறி மிதிக்கவோ வேண்டாம். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள். துடைத்த முகங்கள் அமர்ந்து நட்டுக்கள் சற்றுத் தளர்ந்திருக்கும். உழவு இயந்திரப் பெட்டியின் சில்லுகளுக்கும் இதே வேலை உண்டு. வருடத்தில் ஒருமுறை, மாரி தொடங்குமுன் புரட்டாதியில், எல்லாச் சில்லுகளையும் கழற்றிப் பூட்டுங்கள். மாற்றுச் சில்லின் காற்றையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.