ஏட்டில் ஏறிய பெயர்கள்

நுழையும்முன்

"சொந்த ஊர் எது?" என்று வினவினால் இவ்வகுப்பில் பாதிப் பேர் தேவ்நார் என்பீர்கள், மீதிப் பேர் திருநெல்வேலி, விழுப்புரம், சேலம் எனப் பெற்றோர் சொல்லித் தந்த பெயரைக் கூறுவீர்கள். இரண்டும் சரியே. ஆனால், அவ்வூரிலிருந்து இவ்வூருக்கு உங்கள் குடும்பத்தில் முதன்முதல் வந்தவர் யார், வந்த ஆண்டு எது என்பதை எழுத்தில் காட்ட உங்களால் இயலுமா?

பாடம்

கோவண்டியில் ஹார்பர் தடத்துத் தொடர்வண்டியில் ஏறி வடாலாவைக் கடந்தால் சிவ்ரி நிலையம் வரும். அங்குள்ள பழைய கிறித்தவக் கல்லறைத் தோட்டத்தில் எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். இன்று சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையம் என வழங்கும் நிலையத்தை வடிவமைத்தவர் அவர், 1900-இல் மறைந்தார். இத்தகைய தோட்டங்களுக்கு இங்கிலாந்திலிருந்து தம் மூதாதையரைத் தேடி வருவோர் இன்றும் உளர். அவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. பெயரையும் இறந்த நாளையும் ஏட்டில் கண்ட பின்னரே கல்லைத் தேடுகின்றனர்.

அந்த ஏடு எவ்வாறு உண்டாயிற்று? இங்கிலாந்தில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பங்கு ஆலயமும் எழுதிவைக்க வேண்டுமென 1538-இல் ஆணை பிறந்தது. 1837-இல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவை அரசே மேற்கொண்டது. 1841-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு, வீடு வீடாக ஒவ்வொருவர் பெயரையும் குறித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் இவ்வழக்கத்தைக் கடல் கடந்தும் கொண்டுவந்தனர். சென்னை, மும்பை, வங்காளம் ஆகிய மாகாணங்களின் ஆலயப் பதிவுகள் படியெடுக்கப்பட்டு இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. சென்னையில் இறந்த ஓர் எழுத்தரை அவருடைய ஏழாம் தலைமுறையினர் இலண்டனில் அமர்ந்தபடியே கண்டறிய இயல்வது இதனால்தான்.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயம் 1680 அக்டோபர் 28 அன்று வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் திருமணப் பதிவேட்டில் முதலாவதாக இடம்பெற்றது, அவ்வாண்டு நவம்பர் 4-இல் நடந்த எலிகு யேல் என்பவரின் திருமணம். பின்னாளில் சென்னையின் ஆளுநரான அவர் பெயரால்தான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் வழங்குகிறது. இராபர்ட் கிளைவ் 1753-இல் மணம் புரிந்ததும் இவ்வாலயத்திலேயே. எனினும் நாம் இங்குக் கற்கவேண்டியது வேறொன்று. ஆலய முற்றத்தில் பதிக்கப்பட்டுள்ள பழைய கல்லறைக் கற்களுக்கு உரியோர் அவற்றின்கீழ் இல்லை! அக்கற்கள், பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்திலிருந்த இடுகாட்டைச் சேர்ந்தவை. 1758-59-இல் கோட்டையை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படையினர் அங்கிருந்த கல்லறைகளை மறைவிடமாகப் பயன்படுத்தினர். முற்றுகை நீங்கியபின் ஆங்கிலேயர் கற்களைப் பெயர்த்துக் கோட்டைக்குள் கொண்டுவந்தனர். ஆகவே, கல்லை மட்டும் நம்பித் தேடுவோர் இடத்தைத் தவறாகக் கொள்ள நேரும்.

ஏடும் முழுமையானதன்று. இந்தியாவில் பிறந்த ஆங்கிலேயக் குழந்தையின் திருமுழுக்குப் பதிவில் தந்தையின் பெயரும் பதவியும் தெளிவாக இருக்கும். தாய் இந்நாட்டுப் பெண்ணாயின், பல பதிவுகளில் அவள் பெயர் இராது. அக்குழந்தையின் வழித்தோன்றல் தந்தைவழியில் பல நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லலாம். தாய்வழியிலோ ஓர் அடிகூட எடுத்துவைக்க இயலாது. எழுதுபவர் எவரைப் பொருட்டாகக் கருதினாரோ அவர் பெயரே ஏட்டில் ஏறியது.

நம்மவர் பெயரும் அவ்வாறு தேவைப்பட்ட காலம் ஒன்று உண்டு. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து சென்ற 'துரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அந்நாள் தொடங்கி 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்கு, ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடலிலுள்ள தழும்பு. முதலாளியின் வசதிக்காக எழுதப்பட்ட அப்பட்டியலைக் கையில் கொண்டுதான் அவர்தம் வழியினர் இன்று தமிழகச் சிற்றூர்களைத் தேடி வருகின்றனர். எழுத்தர் தம் காதில் விழுந்தவாறே எழுதியதால் முனுசாமி 'மூன்சாமி' ஆனார். ஆகவே, தேடுவோர் பெயரைக் கண்ணால் மட்டும் படிக்காமல் வாய்விட்டும் ஒலித்துப் பார்க்க வேண்டும்.

கப்பலேறியவர் பெயர் ஏட்டில் நின்றது. தொடர்வண்டி ஏறியவர் பெயர்? 1871-இல் சென்னை இருப்புப்பாதையும் மும்பை இருப்புப்பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்கும், துறைமுகத்துக்கும், மாட்டுங்காவின் உணவகங்களுக்கும், அலுவலகங்களுக்கும் வந்த தமிழர் எந்த நாட்டின் எல்லையையும் கடக்கவில்லை. நிலைய வாயிலில் பயணச்சீட்டைக் கொடுத்துவிட்டு வெளியேறினர். எவரும் அவர்கள் பெயரைக் கேட்கவில்லை.

ஆயினும் தமிழரின் பெயரே ஒரு சிற்றேடுதான். ஆங்கிலேயரின் குடும்பப் பெயர் பெரும்பாலும் தலைமுறைதோறும் மாறாது. நம் தலைப்பெழுத்தோ மாறிக்கொண்டே வரும். 'பெயரன்' என்னும் சொல்லை நோக்குங்கள். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே 'பேரன்' என மருவிற்று. 'பெயர்த்தி' பேத்தி ஆயிற்று. மு. ஆறுமுகம் என்பவரின் தந்தை ஆ. முருகன் எனில், அந்த 'ஆ' எவரைக் குறிக்கிறது? பாட்டனும் ஓர் ஆறுமுகமாக இருந்திருக்கலாம். ஒரு பழைய சான்றிதழில் இவ்விருவர் பெயரும் கிடைத்தால் மூன்று தலைமுறைகளுக்கு ஊகம் செய்யலாம். ஆனால், இங்குள்ள படிவங்களில் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தில் சிலர் தந்தை பெயரையும் சிலர் ஊர்ப்பெயரையும் எழுதுகின்றனர். ஐம்பது ஆண்டு கழித்துத் தேடப்போகிறவர்கள் பாவம்!

இனி, உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள். குடும்ப அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், வாடகைச் சீட்டு, தாத்தாவின் பணிப்பதிவேடு ஆகிய யாவும் ஆவணங்களே. 1976 ஜனவரியில் மகாராட்டிர அரசு மும்பைக் குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்துப் படம் ஒட்டிய அடையாள அட்டை வழங்கியது. அவ்வாண்டு மே மாதத்தில், அணு ஆராய்ச்சி மையத்தின் அருகிலிருந்த ஜனதா காலனி மக்கள் அப்புறப்படுத்தப்பட்டுச் சீட்டா கேம்புக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் தமிழர் பலர். வீட்டை இழந்தோருக்குக் கையில் மிஞ்சியது அத்தகைய தாள்களே. இன்றும் 2000 ஜனவரி 1-க்கு முன் குடியிருந்ததற்குச் சான்று காட்டுவோருக்குக் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் உரிமை உண்டு. எனவே, மஞ்சளேறிய மின்கட்டணச் சீட்டைக் குப்பையென எறிந்துவிடாதீர்கள்.

ஆவணம் சொல்வதையும் ஐயுற்றுப் பாருங்கள். பழைய பள்ளிச் சான்றிதழ்களில் பலருடைய பிறந்தநாள் ஜூன் மாதமாகவே இருக்கும். அது தாய் ஈன்ற நாளன்று. பள்ளியில் சேர்க்கத் தலைமையாசிரியர் இட்ட நாள்! பாட்டியோ ஆண்டையே கூறமாட்டார். "ஆட்டுத்தொட்டி பாந்திராவிலேருந்து தேவ்நாருக்கு வந்த வருசம், உங்க அப்பா கைக்குழந்த" என்பார். ஆட்டுத்தொட்டி தேவ்நாருக்கு மாறியது 1971-இல். சான்றிதழ் வேறோர் ஆண்டைக் காட்டினால், அவ்விரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சொல்லும் பொருளும்

வழித்தோன்றல் – மரபில் பின்வந்தவர்
மருவுதல் – சொல் வழக்கில் திரிந்து வருதல்
ஐயுறுதல் – சந்தேகித்தல்
ஆட்டுத்தொட்டி – ஆடு அறுக்கும் கூடம்

மதிப்பீடு

1. புனித மேரி ஆலய முற்றத்துக் கற்கள் தேடுவோரை எவ்வாறு தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும்?
2. டர்பன் சென்ற தமிழருக்குப் பதிவு உண்டு. தாராவி வந்த தமிழருக்கு இல்லை. காரணம் எழுதுக.
3. 'பெயரன்', 'பெயர்த்தி' ஆகிய சொற்களின் பொருள் விளக்குக.

செயல்பாடு

உங்கள் வீட்டிலுள்ள மிகப் பழைய தாள் ஒன்றைக் கண்டறிக. அதில் எழுதப்பட்டுள்ள பெயர்களையும், இருக்கவேண்டியிருந்தும் விடுபட்ட ஒருவரின் பெயரையும் குறிப்பேட்டில் எழுதுக. அவரைப் பற்றி வீட்டின் மூத்தவரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதி வருக.