சைக்கிள் பங்சர்: ஒட்டும் முறையும் தடுக்கும் முறையும்

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே தூரம் சுமார் 11 கிலோ மீட்டர். காரியரில் நூல் கட்டோ, காய்கறி மூட்டையோ ஏற்றிச் செல்லும் அங்கத்தினருக்கு நடுவழியில் காற்று இறங்கினால் அரைநாள் வேலை வீணாகும். ஆகவே பங்சர் ஒட்டும் முறையை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்கெனச் செய்த காற்றடைத்த டயருக்கு 1888-ல் காப்புரிமை பெற்றார். இவ்வகை டயரில் சுமையைத் தாங்குவது காற்றே. ரப்பர் அதைக் காக்கும் உறை.

காரணம் அறிதல்

முதலில் வால்வின்மேல் சிறிது நீர் விட்டுப் பாருங்கள். குமிழி எழுந்தால் வால்வு டியூபை மாற்றுவதே போதும். இல்லையேல் டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்து, நீரில் அமிழ்த்திப் பாருங்கள். ஓட்டை டயர்ப் பக்கம் இருந்தால் முள்ளோ ஆணியோ காரணம். ரிம் பக்கம் இருந்தால் ஆரக்கம்பியின் முனை குத்தியிருக்கலாம். ரிம் டேப்பைச் சரிபாருங்கள். பாம்புக் கடி போல் இரு ஓட்டைகள் அருகருகே இருந்தால், காற்றுக் குறைவாக ஓட்டியதால் பள்ளத்தில் ரிம் டியூபை நசுக்கியது என்று கொள்க.

ஒட்டும் முறை

1. ஓட்டையைச் சுற்றி ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்க்கவும்.

2. சொலூஷனை மெல்லியதாகத் தடவி, சுமார் 5 நிமிடம் உலர விடவும். ஈரமாயிருக்கையில் ஒட்டினால் பிடிக்காது. அவசரப்படுவோர் தவறுவது இங்கேதான்.

3. பாட்ச்சை வைத்து, நடுவிலிருந்து ஓரம்வரை அழுத்தவும்.

4. டியூபை மீண்டும் ஏற்றுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி, முள்ளைக் கண்டு பிடுங்கவும். இதை மறந்தால், அதே முள் அதே இடத்தில் மறுபடியும் குத்தும்.

5. டயரைக் கழற்றவோ மாட்டவோ திருப்புளியைப் பயன்படுத்தலாகாது. அதன் முனையே டியூபைக் கிழித்துவிடும்.

தடுக்கும் முறை

வாரம் ஒரு முறையேனும் காற்றைச் சோதியுங்கள். சுமை பெரும்பாலும் பின்சக்கரத்தின் மேல் விழுவதால் அதில் காற்று குறையலாகாது. வண்டியை வெயிலில் நிறுத்தாதீர்கள். மண்ணெண்ணெயும் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். நூல் தெரியத் தேய்ந்த டயரில் ஒட்டுப் போடுவது வீண் செலவு.

இறுதியாக ஒன்று. வேலிக்காகச் சீமைக் கருவேலை வெட்டுவோர் முட்கிளைகளைப் பாதையில் போடாது ஒதுக்கி வைத்தால், பல பங்சர்கள் நேராமலே போகும். ஒருவர் கவனம் பலருக்கு உதவுவதன்றோ கூட்டுறவு!