நாடக நடிகரின் குரல்: பயன்பாடும் பாதுகாப்பும்

மும்பை நகரின் மாதுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளில் தமிழ் நாடகங்களில் வேடம் தாங்குவோர் பெரும்பாலும் நடிப்பைத் தொழிலாகக் கொண்டவரல்லர். பள்ளியிலும் வங்கியிலும் அலுவலகத்திலும் பகல் முழுவதும் உழைத்துவிட்டு மாலையில் ஒத்திகைக்குக் கூடுபவர்களே ஆவர். தொழில்முறை நடிகரின் குரல் கெட்டால் நாடகம் நின்றுபோகும். இவர்களில் ஓர் ஆசிரியரின் குரல் கெட்டாலோ நாடகத்துடன் மறுநாள் வகுப்பும் நின்றுபோகும். ஆதலின் நடிகரின் குரலைப் பற்றிய இவ்வாராய்ச்சி ஆசிரியர்க்கும், ஊர்தோறும் கூட்டங்களில் பேச வேண்டிய களப் பணியாளர்க்கும் ஒருங்கே பயன்படுவதாகும்.

ஒலிபெருக்கி வருவதற்கு முன் நடிகரின் குரல் கொட்டகையின் கடைசி வரிசை வரை தானே சென்று சேர வேண்டியிருந்தது. பாலர் நாடகக் கம்பெனிகளில் சிறுவர்கள் உயர்ந்த சுருதியில் இரவு முழுவதும் பாடினர். பருவம் எய்தும்போது குரல் உடைவதை அக்கம்பெனிகளில் மகரக்கட்டு என்று வழங்கினர். அது நேர்ந்தால், அதுவரை நாயகனாகவோ நாயகியாகவோ விளங்கிய சிறுவன் வேடமிழந்து நிற்பதும் உண்டு. டி. கே. எஸ். சகோதரர்கள் 1925-இல் தொடங்கிய குழுவின் பெயர் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபா என்பதாகும். மாதுங்காவை அடுத்துள்ள சண்முகானந்த மண்டபத்தின் பெயரும் அதுவே; இரண்டும் ஆறுமுகனைக் குறிப்பன. 1963-இல் திறக்கப்பெற்று, 1990-இல் தீக்கிரையாகி, 1998-இல் மீண்டும் திறக்கப்பட்ட இம்மண்டபத்தில் ஏறத்தாழ 2,700 பேர் அமரலாம். இத்தகைய அரங்கில் இன்று எந்த நடிகரும் வெறுங்குரலால் கடைசி இருக்கையை எட்ட வேண்டுவதில்லை. அவ்வாறிருந்தும் நடிகர்களின் குரல் கம்முவது ஏன் என்பதே ஆராயத்தக்கது.

குரல்வளையினுள் முன்பின்னாக நீண்டு கிடக்கும் இரு தசை மடிப்புகளே குரல் நாண்கள். ஆண்களுக்கு இவற்றின் நீளம் சுமார் 2 சென்டிமீட்டர். பெண்களுக்கு 1½ சென்டிமீட்டர் அளவினது. நுரையீரலிலிருந்து எழும் காற்று இவற்றை விலக்கவும் இவை மீண்டும் ஒட்டவுமாக, சாதாரணப் பேச்சில் ஆண்களுக்கு விநாடிக்கு 100 முதல் 125 முறை வரையிலும், பெண்களுக்குச் சுமார் 200 முறையும் மோதுகின்றன. மேடையில் குரலை உயர்த்துங்கால் இவ்வெண்ணிக்கை மேலும் கூடும். விநாடிக்கு 200 என்றே கொண்டாலும், குரல் எழுப்பும் நேரம் மட்டும் அரை மணியாயின் மோதல்கள் 3,60,000 ஆகின்றன. உரத்துக் கத்தும்போது எண்ணிக்கை மட்டுமன்றி மோதும் வேகமும் மிகுகின்றது.

கலப்பை பிடிக்கும் கையில் காய்ப்பு ஏறுவது போல, நாண்களில் மோதல் மிகுந்த நடுப்பகுதியில் இரு பக்கமும் சிறு முடிச்சுகள் தோன்றுகின்றன. அப்போது நாண்கள் முழுமையாக ஒட்டுவதில்லை. இடைவெளியில் காற்று கசிந்து குரல் கரகரக்கிறது. கரகரப்பை வெல்ல நடிகர் இன்னும் அழுத்திப் பேசுகிறார். முடிச்சு மேலும் தடிக்கிறது.

இச்சேதம் அரங்கேற்ற நாளில் விளைவதாகப் பலர் எண்ணுகின்றனர். அது அவ்வளவு சரியன்று. நாடகம் நடப்பது இரண்டு மணி நேரம். ஒத்திகையோ பல வாரங்கள் தொடர்வது. பள்ளி அறையிலோ குடியிருப்புச் சங்கக் கூடத்திலோ, மின்விசிறி இரைச்சலுக்கும் தெருவின் சந்தடிக்கும் நடுவே, ஒலிபெருக்கியின்றி அது நடைபெறுகிறது. சுற்றுப்புற ஓசை கூடினால் மனிதன் தன்னையறியாமலே குரலை உயர்த்துகிறான் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இல் எடுத்துக்காட்டினார். இவ்விளைவு அவர் பெயராலேயே வழங்குகிறது. உயர்த்துவது தெரியாமையினால் அடக்குவதும் கடினம் என்பதே இதிலுள்ள இடர்.

செம்பூரில் குடியிருந்து தாராவியிலுள்ள தமிழ்வழிப் பள்ளியொன்றில் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் மின்சார ரயிலின் நெரிசலில் நண்பருடன் உரக்கப் பேசுகிறார். குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கி நடக்கையில் கைப்பேசியில் உரக்கப் பேசுகிறார். பின் ஐந்து பாட வேளைகள். மாலை ஏழு மணிக்கு ஒத்திகை தொடங்கும்போது அவருடைய நாண்கள் அன்றைய உழைப்பில் பெரும்பகுதியை முன்னரே முடித்திருக்கின்றன. அதன்மேல் ஒரு கோபக் காட்சியை இயக்குநர் ஆறு முறை திரும்ப நடிக்கச் சொன்னால், குரல் உடைந்த பழி அந்தக் காட்சிக்கே சேரும். உண்மையில் பொறுப்பு நாள் முழுவதற்கும் உரியது. ரயில் பேச்சை மட்டும் நிறுத்தினாலும் மாலைக்குக் கணிசமான குரல் மிஞ்சும்.

எனவே மொத்தச் சுமையைக் குறைப்பதே முதல் வேலை. அமெரிக்காவில் குரல் கோளாறுற்ற ஆசிரியர்களிடையே நடத்தப்பெற்று 2002-இல் வெளியான ஆய்வொன்றில், சிறிய ஒலிபெருக்கியை அணிந்து கற்பித்தவர்கள் தெளிவான முன்னேற்றம் கண்டனர்; குரல் பேணும் அறிவுரையை மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. அறிவுரைக் கட்டுரை எழுதுவோர்க்கு இம்முடிவு சற்றுச் சங்கடமானதே. ஒத்திகைக்கும் இதே நெறி பொருந்தும். நடமாட்டத்தையும் நிலைகளையும் பழகுகையில் அரைக்குரலே போதும். அலறல், ஒப்பாரி, வாக்குவாதம் ஆகிய காட்சிகளை முழுக்குரலில் ஓரிரு முறைக்கு மேல் ஒரே மாலையில் நடிக்கலாகாது. அரங்கில் பின்னணி இசை நடிகரின் காதில் அவர் குரலை மூழ்கடிக்குமாயின் அவர் கத்தவே செய்வார். ஒலியமைப்பாளரிடம் கூறி இசையைத் தணிப்பது எளிது. தாராவியின் குறுகிய வீதிகளில் திருவிழா மேடை அமையும்போது, மின்னாக்கி இயந்திரத்தை மேடையின் பின்புறத்திலேயே வைப்பது வழக்கமாகிவிட்டது. அதனை அப்புறப்படுத்தினால் நடிகர் அனைவர்க்கும் நலம்.

தொண்டைக்கான கைமருந்துகள் நம்மிடையே பல உள. பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம், சித்தரத்தை என்பன இதமளிப்பவை, குற்றமற்றவை. ஆனால் விழுங்கும் பொருள் எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை. விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொண்டு உணவை உணவுக்குழலுக்குள் திருப்பிவிடுகிறது. அவ்வாறு செய்யாவிடில் புரையேறும். பருகும் நீர் குருதியிற் கலந்து, உடல் முழுவதும் பரவிய பின்னரே நாண்களின் மேற்பரப்பை ஈரமாக்குகிறது. ஆகவே மேடையேறும் தருவாயில் ஒரு குவளை வெந்நீர் பருகுவதைவிட, காலை முதல் சிறிது சிறிதாக நீர் அருந்திவருவது பயன் தரும். நேராக நாண்களை அடைவது நீராவி ஒன்றே.

புகையும் அவ்வாறே நேராக அடைவது. பீடி, சிகரெட்டைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. செம்பூரை அடுத்துள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் காற்றும், தாராவி கும்பார்வாடாவின் சூளைப் புகையும் நடிகரின் வசத்தில் இல்லாதவை; 2016 ஜனவரியில் தேவ்நார் குப்பைமேடு எரிந்தபோது அப்பகுதி மக்கள் யாவரும் இருமினர். அத்தகைய நாட்களில் ஒத்திகையைச் சுருக்குவதும், வாயால் மூச்சிழுக்காமல் நாசியால் இழுப்பதும் இயலும். காட்சிக்காக மேடையில் விடும் செயற்கைப் புகையோ இயக்குநரின் வசத்தில் உள்ளது.

இரவு பத்து மணிக்கு ஒத்திகை முடித்து, பதினொன்றுக்கு வயிறார உண்டு உடனே படுப்பதனால், இரைப்பையின் அமிலம் மேலேறிக் குரல்வளையைச் சுடுவதுண்டு. காலையில் மட்டும் குரல் கம்மி, அடிக்கடி தொண்டையைச் செருமத் தோன்றுமாயின் இதனை ஐயுறலாம். செருமுதலும் நாண்களை வலிந்து மோதச் செய்வதே. ஒரு மிடறு நீர் விழுங்குவது நன்று. குரல் கம்மியபோது குசுகுசுவென்று பேசுவது ஓய்வாகும் என்பதும் தவறான கருத்து. அழுத்திய குசுகுசுப்பு பலருக்குக் குரல்வளையை இறுக்கவே செய்கிறது.

மேடைக்கு முன் ஐந்து நிமிடம் வாய்மூடி மெல்ல முனகுதலும், குளிர்பானம் உறிஞ்சும் குழலை இதழ்களிடையே வைத்து அதன் வழியே ‘ஊ’ என ஒலித்தலும் நல்ல பயிற்சிகள். குறுகிய குழலில் தடைப்படும் காற்று பின்னோக்கி அழுத்துவதனால், நாண்கள் குறைவாக மோதியே அதிர்கின்றன.

நடிக்கையில் குரல் திடீரென அறவே போய்விட்டால், நாணின் நுண்குழல் உடைந்து குருதி கசிந்திருக்கலாம். அப்போது பேச்சை முற்றிலும் நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். ஆஸ்பிரின் குருதி உறைவதைத் தடுப்பதால், அதனை விழுங்கிவிட்டு உரக்க நடிப்பது அபாயகரமானது. மற்றபடி மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் எந்தக் கம்மலையும், புகையிலைப் பழக்கம் உள்ளவராயின் அதற்கும் முன்பே, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். தொண்டைப் புற்றுநோயின் முதற்குறி பலருக்கு இதுவே. தாராவியை ஒட்டிச் சயானில் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை உள்ளது. பாந்த்ராவில் 1983-இல் நிறுவப்பெற்ற அலியாவர் ஜங் தேசிய நிறுவனமும், மைசூரில் 1965-இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் மத்திய அரசைச் சார்ந்தவை. முடிச்சுகள் பெரும்பாலும் கத்திக்கு வேலையின்றி, குரற்பயிற்சியாலேயே சுருங்கிவிடும்.

சோதனைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. தொண்டையினுள் சிறு கண்ணாடியைச் செலுத்தி, சூரிய ஒளியில் உயிருள்ள மனிதனின் நாண்கள் அதிர்வதை 1854-இல் கண்டவர் மனுவேல் கார்சியா என்னும் சங்கீத ஆசிரியர். தம் தொண்டையையே அவர் நோக்கினார். இன்று மருத்துவர் காமிரா பொருத்திய மெல்லிய குழாயால் சில நிமிடங்களில் பார்த்துவிடுகிறார். நோயாளி செய்ய வேண்டுவதெல்லாம் அமைதியாக மூச்சு விடுவதும், கேட்கும்போது ‘ஈ’ என்று ஒலிப்பதுமே.