திருவாதிரையை அளக்கும் வகுப்பு

பள்ளியில் வானியல் பாடம் என்றதும் தெர்மாகோல் உருண்டைகள் வந்துவிடுகின்றன. சனிக்கு ஒரு வளையம், வியாழனுக்குச் சிவப்புப் பொட்டு, சுவரில் தாடி வைத்த கலிலியோ. கண்காட்சி முடிந்த மறுநாள் எல்லாம் பரணுக்குப் போகும். கோள்களின் பெயரைப் பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். அந்தக் கோள்களைப் பார்த்தவர்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து என்னதான் செய்தார்கள் என்று கேட்டால் முழிப்பார்கள்.

அந்த வேலையைப் பிள்ளைகளையே செய்யவைக்கலாம். தொலைநோக்கி தேவையில்லை. ஒரகடத்துத் தொழிற்சாலை வெளிச்சத்தில் அந்தப் பக்கத்து வானம் விடியும்வரை வெளுத்துக் கிடக்கும், சென்னையை ஒட்டிய குன்றத்தூரிலும் முடியும். ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியர்களுக்கான வழிமுறை இது. ஒரு கல்வியாண்டு முழுக்க, வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும்.

முதலில் நுங்கம்பாக்கம்

கலிலியோ கொஞ்சம் காத்திருக்கட்டும். கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானோக்கு நிலையத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உள்படப் பல மொழிகளில் வெட்டிய எழுத்துகளோடு, இன்றைய வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது.

அந்த நிலையத்தில் வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. நட்சத்திரப் பட்டியலுக்காக இரவு இரவாக அளந்துகொண்டிருந்த மனிதர். 1867இல், தெற்கு வானத்தில் மங்கலான நட்சத்திரம் ஒன்றின் பிரகாசம் மாறுவதைக் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்று அதற்குப் பெயர். சுமார் ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்ன என்று பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூலை இந்திய மொழிகளில் வெளியிட்டதும் இவர்தான்.

அவருடைய மேலதிகாரி நார்மன் போக்சன். நட்சத்திரப் பிரகாசத்தை எண்ணால் சொல்லும் அளவுகோலை 1856இல் ஒழுங்குபடுத்தியவர். ஐந்து படி இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்காகும் என்பது அவர் வகுத்த கணக்கு. உலகம் இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறது. 1861இல் சென்னைக்கு வந்தவர் அதே ஆண்டு ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஆசியா’ என்று பெயர் வைத்தார்.

இந்த இருவரையும் கதையாகச் சொல்லி முடித்துவிடாதீர்கள். ‘பிரகாசம் மாறுகிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பழைய குறிப்போடு ஒப்பிட்டிருப்பார் என்ற பதில் யாராவது ஒரு பிள்ளையிடமிருந்து வரும். அங்கிருந்துதான் பாடம் ஆரம்பம்.

பதிவேடு

ஆளுக்கொரு கோடு போட்ட நோட்டு. ஐந்து பத்தி: தேதி, மணி, மேகம் எவ்வளவு, பார்த்தது என்ன, கையெழுத்து. மணி எழுதாத குறிப்பைச் செல்லாததாக அறிவித்துவிடுங்கள். இதில் மட்டும் இரக்கமே வேண்டாம். அழித்து எழுதக்கூடாது, அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம்.

இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்யும் பெற்றோர் உங்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பார். ஒரு நாள் அவரை வரவழையுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் ‘மாஸ்டர் பீஸ்’ என்ற மாதிரிப் பாகத்தோடு ஒப்பிட்டு, ஷிப்ட் லாக்கில் நேரம் போட்டுக் கையெழுத்திடுவதை அவர் பத்து நிமிடம் சொன்னால் போதும். போக்சன் செய்ததும் அதுவேதான் என்று நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

குச்சி நிழல்

விளையாட்டுத் திடலில் ஒரு மீட்டர் குச்சியை நூல்குண்டு பிடித்துச் செங்குத்தாக நடுங்கள். மிகக் குட்டையான நிழல் எத்தனை மணிக்கு என்று கண்டுபிடிக்க வேண்டும். நேராக அளந்தால் வராது. உச்சிவேளையை ஒட்டி நிழலின் நீளம் மாறுவதே கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. 11 மணிக்கு நிழலின் நுனி எங்கே இருக்கிறதோ அந்த அளவில் குச்சியைச் சுற்றி வட்டம் போடுங்கள். மதியம் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும் நேரத்தைக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுநேரமே உச்சி. இரண்டு புள்ளிகளுக்கும் நடுவிலிருந்து குச்சிக்குக் கோடு போட்டால் அது சரியான வடக்கு–தெற்கு.

குன்றத்தூரில் அது 12 மணிக்கு வராது. வருடச் சராசரி 12.10ஐ ஒட்டி இருக்கும். நம் கடிகாரம் 82½ பாகை தீர்க்கரேகைக்கு உரியது, நாம் 80 பாகையை ஒட்டி இருக்கிறோம், பாகைக்கு நான்கு நிமிடம். ஒருகாலத்தில் இந்திய ரயில்கள் நுங்கம்பாக்கம் நிலையம் கணித்த மெட்ராஸ் நேரத்தில் ஓடின என்பதையும் இங்கே சொல்லலாம். மாதம் ஒருமுறை அளந்தால் இன்னொரு வேடிக்கையும் தெரியும்: நவம்பர் தொடக்கத்தில் உச்சி 11.53க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.24 ஆகிவிடும். காரணத்தைப் பெரிய வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து செய்வது அது.

உச்சியில் நிழலே விழாத நாள் நமக்கு வருடத்தில் இரண்டு: ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். ஏப்ரலில் பரீட்சையும் விடுமுறையும் குறுக்கிடும், ஆகஸ்டில் மேகம். இருந்தாலும் ஆகஸ்டைத் தேர்ந்தெடுங்கள். 1868இல் அதே ஆகஸ்ட் 18 அன்றுதான் ஒரு முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென், மசூலிப்பட்டினத்தில் போக்சன், வனபர்த்தியில் ரகுநாதாசாரி என்று தென்னிந்தியாவே அன்று அண்ணாந்து பார்த்தது. சூரிய விளிம்பின் ஒளியில் அன்று கண்ட மஞ்சள் கோட்டிலிருந்துதான் ஹீலியம் என்ற தனிமம் தெரியவந்தது. பூமியில் அது கிடைக்க 1895 ஆயிற்று. ஒளியை இப்படிப் பிரித்துப் பார்ப்பதைப் பிள்ளைகளும் செய்யலாம்: பழைய சிடி ஒன்றைச் சோப்பு டப்பாவில் பொருத்தி, மெல்லிய கீறல் வழியே ட்யூப்லைட்டையும் எல்இடி பல்பையும் பார்க்கச் சொல்லுங்கள். ட்யூப்லைட்டில் நிறங்கள் தனித்தனிப் பட்டையாக நிற்கும், எல்இடியில் ஒன்றோடொன்று கலந்து ஓடும். சூரியனை நோக்கி மட்டும் எந்தக் கருவியையும், கண்ணையும், திருப்பவே கூடாது.

ராகுவை என்ன செய்வது

குன்றத்தூரில் வானியல் எடுத்தால் ராகு வந்தே தீருவார். சேக்கிழார் கட்டியதாகச் சொல்லப்படும் திருநாகேஸ்வரம் கோயில் இங்கே ராகு தலம், கெருகம்பாக்கம் கேது தலம், சோமங்கலம் சந்திரனுக்கு. கோயிலோடு வழக்காடுவது வீண் வேலை. ‘அமாவாசைதோறும் ஏன் கிரகணம் வருவதில்லை?’ என்ற கேள்வியைப் போடுங்கள்.

இரண்டு எம்பிராய்டரி வளையங்கள் எடுத்து, ஒன்றைச் சூரியன் பாதையாகவும் மற்றதைச் சந்திரன் பாதையாகவும் வைத்து, சுமார் ஐந்து பாகை சாய்த்துக் கட்டுங்கள். வளையங்கள் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள்தான் ராகுவும் கேதுவும். அமாவாசையோ பௌர்ணமியோ அந்த இடங்களுக்கு அருகில் நேர்ந்தால் மட்டும் கிரகணம். அந்த வெட்டுப்புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து ஒரு சுற்று வர 18.6 ஆண்டுகள். ராகு–கேது பெயர்ச்சி எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். ஒன்றரை வருடம் என்று பாட்டி சொல்வார். பன்னிரண்டு ராசியால் பெருக்கிப் பார்ப்பது பிள்ளைகள் பாடு.

இதோடு புதுச்சேரிக் கதை ஒன்றும் இருக்கிறது. 1825இல் ஜான் வாரன் என்ற ஐரோப்பியருக்காகத் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், மனப்பாடச் சூத்திரங்களைச் சொல்லிக்கொண்டே தரையில் சோழிகளை வைத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் பிழை நான்கே நிமிடம், முடிவில் 52 நிமிடம். இரண்டு எண்ணையும் சொல்லுங்கள். முதல் எண்ணை மட்டும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. பிழை ஏன் கூடிக்கொண்டே போயிற்று என்பதுதான் வகுப்புக்குச் சுவையான கேள்வி.

திருவாதிரை

திருவாதிரையும் பிரகாசம் மாறும் நட்சத்திரம்தான். அதை அளப்பதே ஆண்டின் முக்கியமான பயிற்சி. பொங்கல் முடிந்து, வடகிழக்குப் பருவ மேகம் விலகியபின் ஆரம்பித்து, மார்ச் நடுவரை வாரம் ஒரு நாள், இரவு 7.30க்கு. பள்ளிக்கு வரச் சொல்லாதீர்கள். அவரவர் மொட்டைமாடியே போதும். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரு வீட்டில் கூடட்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். தெருவிளக்கு நேரே கண்ணில் படாமல் தண்ணீர்த் தொட்டி மறைவில் நின்று பத்து நிமிடம் இருட்டுக்குக் கண் பழகவேண்டும். போனைத் தொடக்கூடாது.

வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். ஓரியன் என்ற வேடனின் இடுப்பு. அந்த வரிசையை ஒரு பக்கம் நீட்டினால் சிரியஸ், மறுபக்கம் ரோகிணி. இடுப்புக்கு வடக்கே சிவந்த தோள்தான் திருவாதிரை, தெற்கே வெள்ளையாக ரைஜல். வேடனின் மறு தோள் பெல்லாட்ரிக்ஸ். சற்றுக் கிழக்கே புரோசியான். இத்தனையும் ஒரகடத்து வெளிச்சத்தையும் மீறித் தெரியும்.

இனி ஒப்பீடு. போக்சனின் அளவுகோலில் ரைஜல் 0.1, புரோசியான் 0.4, ரோகிணி 0.9, பெல்லாட்ரிக்ஸ் 1.6. எண் கூடினால் ஒளி குறைவு. திருவாதிரை ரோகிணியைவிடப் பிரகாசமா? புரோசியானைவிட மங்கலா? இரண்டுக்கும் நடுவில் என்றால் 0.6 அல்லது 0.7 என்று எழுதவேண்டும். சிவந்த நட்சத்திரத்தை உற்று வெறித்தால் கண் ஏமாந்து அதிகமாகக் காட்டும். சட்டென்று பார்த்துக் கண்ணை எடுக்கவேண்டும். அடுத்தவர் நோட்டை எட்டிப்பார்க்கக் கூடாது.

மறுநாள் எல்லா எண்ணையும் கரும்பலகையில் போட்டுச் சராசரி எடுங்கள். 0.2, 0.3 முன்னேபின்னே இருப்பது இயல்பு. முப்பது பேரும் 0.6 என்று எழுதியிருந்தால்தான் சந்தேகப்படவேண்டும். 2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு இறங்கியது. நட்சத்திரம் உமிழ்ந்த தூசி அதை மறைத்தது என்று பின்னர் தெரிந்தது. வெறுங்கண்ணாலேயே காண முடிந்த சம்பவம் அது. அடுத்த முறை நடந்தால் உங்கள் பள்ளி நோட்டில் அது இருக்கவேண்டுமானால், நோட்டை ஒவ்வோர் ஆண்டும் அடுத்த வகுப்பிடம் ஒப்படைக்கவேண்டும்.

சுற்றுலாவை இதன்பின் வையுங்கள். கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் அரைநாள் வேலை. 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள ஜவ்வாது மலைக் காவலூருக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போங்கள். சொந்தமாக அளந்த பிள்ளைகள் அங்கே கேட்கும் கேள்வியே வேறு.

ஓர் ஆண்டுப் பதிவு சேர்ந்தபின், 1911இல் அமெரிக்காவில் தொடங்கிய மாறும் விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அனுப்பலாம். வெறுங்கண் குறிப்புகளை அவர்கள் ஏற்கிறார்கள். எந்த இரண்டு நட்சத்திரங்களோடு ஒப்பிட்டது என்பதும் எழுதவேண்டும். நேரத்தை உலக நேரத்துக்கு மாற்றுங்கள், அதாவது ஐந்தரை மணி கழிக்கவேண்டும். குன்றத்தூர் மாடியில் இரவு 7.30 என்றால் படிவத்தில் 14.00.