ஆடையும் ஆள்மதிப்பும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. திருத்தமாக உடுத்தல் வேண்டுமெனப் பிள்ளைகளுக்குப் புத்தி கூறுங்கால் பெற்றோர் இதனை எடுத்தாள்வர். ஆயின் இஃது அறிவுரை மாத்திரமன்று. உலகியலைக் கூறும் ஓர் உண்மையுரையுமாம். ஒருவனைக் கண்ட மாத்திரத்தே அவனுக்குரிய மதிப்பிற் பாதியை அவன் உடுத்த துணியைக் கொண்டே அளந்துவிடுகின்றோம் என்பதே அவ்வுண்மை. அவ்வாறு அளத்தல் முறையாகுமா என்பதைச் சிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடலைக் காத்தலும் மானத்தைக் காத்தலும் ஆடையின் முதற்பயன்கள். இவ்விரண்டிற்கும் வேண்டுவது சிறிதே. அரசனுக்கும் வேட்டுவனுக்கும் வேண்டப்படும் உணவும் உடையும் அளவில் ஒன்றே என்னும் கருத்தமைந்த நக்கீரனார் பாட்டொன்று புறநானூற்றில் உண்டு. தேவை ஒன்றாயிருக்க, உடை மாத்திரம் ஒன்றாகாமை ஏன்? இவ்விடத்தேதான் ஆடையின் மூன்றாவது பயன் தோன்றுகின்றது. உடுத்தவன் இன்னான் எனவும், அவனிடத்து இவ்வளவு பொருள் உண்டு எனவும் வாய்திறவாமலே பிறர்க்கு அறிவித்தலே அப்பயன்.

அருமையான பொருளே செல்வத்திற்கு அடையாளமாகும். பண்டைப் பினீசியரின் தீர் நகரத்து ஊதாச் சாயம் இதற்குத் தக்க சான்று. அது 'முரெக்ஸ்' எனப்படும் ஒருவகைக் கடல் நத்தையின் உடலிலிருந்து எடுக்கப்பட்டது. பிரீட்லாந்தர் என்னும் இரசாயன அறிஞர் 1909ஆம் ஆண்டிலே 12,000 நத்தைகளிலிருந்து அச்சாயத்தைப் பிரித்தெடுத்தபோது அவருக்குக் கிடைத்தது 1.4 கிராம் மாத்திரமே. உரோம நாட்டிலே ஊதா அதிகாரத்தின் நிறமானமைக்குக் காரணம் அதன் அழகு மாத்திரமன்று. பிறரால் வாங்க முடியாமையுமேயாம்.

பொருளின் அருமை மாத்திரம் போதாதென்று கண்ட ஆட்சியாளர், சட்டத்தாலும் உடைக்கு வேலியிட்டனர். இங்கிலாந்திலே முதலாம் எலிசபெத்து அரசியார் 1574ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டளை, இன்ன பட்டையும் இன்ன மயிர்த்தோலையும் இன்ன தரத்தினரே அணியலாமென வரிசைப்படுத்திக் கூறிற்று. யப்பானிலே தொக்குகவா ஆட்சிக் காலத்தில், பொருள் படைத்த வணிகர் பகட்டான உடை அணிதல் தடுக்கப்பட்டது. அவர்களோ வெளிப்புறத்தை எளிய துணியாலும் உட்புறத்தை விலையுயர்ந்த பட்டாலும் அமைத்துக்கொண்டனர். சட்டத்திற்கு அஞ்சியபோதும் செல்வத்தை உடுத்தும் ஆசை அவர்களை விட்டு நீங்கவில்லை.

இவ்வேலிகள் பிறநாட்டார்க்கே உரியன என்று எண்ணற்க. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த உரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, முழங்காலின் கீழ்வரை துணி உடுத்தும் உரிமை உயர்ந்தோர்க்கே உரியதாயிருந்தது என்பதைக் குறித்துள்ளார். திருவிதாங்கூரிலே தோள்சீலை அணியும் உரிமைக்காக நாடார் குலப் பெண்கள் பல ஆண்டுகள் போராடினர். 1859ஆம் ஆண்டு யூலை 26ஆம் நாள் வெளியான அரச அறிவித்தல் அவர்கள் மார்பை மறைக்கலாமென ஒப்புக்கொண்டது. எனினும் உயர்குலப் பெண்கள் உடுத்துமாறு உடுத்தலாகாது என்னும் நிபந்தனையையும் உடன் சேர்த்தது. மானத்தைக் காக்கும் உரிமையைக் கொடுத்த கையே வேறுபாட்டைக் காக்கும் கோட்டையும் கீறிற்று. நம் யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட மக்கள் மேலாடை அணிவதற்கும் நகை பூணுவதற்கும் வழக்கத்தின் பெயரால் தடைகள் இருந்தமையை மறைத்தற்கில்லை. தோளிலே கிடக்கவேண்டிய சால்வையை இடுப்பிலே கட்டிக்கொண்டு நின்றவர் பலர். பழம்பெருமை பேசும் நாம் இதனையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

காலப்போக்கிலே இச்சட்டங்கள் வீழ்ந்தன. இங்கிலாந்தில் உடைச் சட்டங்கள் 1604ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன. 1856ஆம் ஆண்டிலே வில்லியம் பேர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர் நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு ஊதாச் சாயத்தைச் செயற்கையாக ஆக்கியபின், அரசரின் நிறம் கடைத்தெருவிற்கு வந்தது. இனி எவரும் எதனையும் உடுத்தலாம்; ஆதலின் உடைகொண்டு ஆளை மதிக்கும் வழக்கமும் ஒழிந்திருக்கும் என எண்ணுதல் இயல்பு. ஆயின் நிகழ்ந்தது அதுவன்று. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கிய வேலி, காண்பாரின் கண்ணிலே போய் நின்றுகொண்டது.

அமெரிக்கப் பொருளியலறிஞர் தோஸ்ரைன் வெப்லன் 1899ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதன் காரணத்தை விளக்கியுள்ளார். விலைமிகுந்த உடை, பொருளைச் செலவிடும் ஆற்றலைக் காட்டுகின்றது; கசங்காத, மாசற்ற உடையோ, உடுத்தவர் உடல் வருந்தி உழைக்க வேண்டாதவர் என்பதையும் காட்டுகின்றது என்பது அவர் கருத்து. இதனை நம்மூரிலே வைத்து நோக்குவோம். செம்பாட்டு மண்ணிலே புகையிலைக்குத் தண்ணீர் இறைப்பவர் வெள்ளை வேட்டியை நாள் முழுவதும் வெள்ளையாக வைத்திருத்தல் இயலாது. கந்தோரிலே மேசைமுன் இருப்பவர்க்கு அஃது எளிது. எனவே வெண்மை என்பது தூய்மையின் அடையாளமாக மாத்திரம் நின்றுவிடாது, உழைப்பிலிருந்து விலகி நிற்பதன் அடையாளமாகவும் மதிக்கப்பட்டது. நாம் அழுக்கு என்று முகஞ்சுளிப்பது பலவேளைகளில் உழைப்பின் சுவடேயாகும். திருக்கோயிலிலே மேலாடை களைந்து எல்லாரும் ஒருபடித்தாய் நிற்குமிடத்தும், வேட்டியின் சரிகைக் கரையும் கழுத்துச் சங்கிலியும் தம் செய்தியைச் சொல்லிக்கொண்டேயிருக்கின்றன.

இவ்வாறு உடைகொண்டு மதித்தல் எத்துணை விரைவாக நிகழ்கின்றது என்பதை அண்மைக்கால ஆராய்ச்சி ஒன்று காட்டியுள்ளது. பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓ, ஷாபிர், ரொடொரொவ் என்னும் மூவர் ஒன்பது சோதனைகளை நடத்தி, அவற்றின் முடிவுகளை 2019ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டனர். மனித முகங்கள் சிறிது செல்வம் தோன்றும் மேலுடையுடனும், சிறிது வறுமை தோன்றும் மேலுடையுடனும் காட்டப்பட்டன. பார்த்தோர் செல்வ உடையோடு தோன்றிய முகங்களையே திறமை மிக்கனவாக மதித்தனர். ஒரு செக்கனின் எட்டிலொரு பங்களவே படம் காட்டப்பட்டபோதும் முடிவு மாறவில்லை. உடையைப் பொருட்படுத்த வேண்டாமென அறிவுறுத்தியும், அம்மனிதரின் தொழிலையும் வருமானத்தையும் முன்னரே கூறியும், சரியாக மதிப்போர்க்குப் பணம் தருவதாகச் சொல்லியும் அச்சாய்வு முற்றாக நீங்கவில்லை. இங்கே கந்தலும் பட்டும் ஒப்பிடப்படவில்லை; வேறுபாடு சிறிதே என்பதையும் கருதுக. 'நான் உடையைப் பார்ப்பவன் அல்லேன்' என்று நம்மிற் பலர் கூறிக்கொள்வது மெய்யாகாது என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

மதிப்புப் பெறும் பொருட்டு மேலோரைப்போல உடுத்தல் உலகத்து இயல்பு. ஆங்கிலேயர் ஆட்சியிலே இலங்கையர் பலர் வெப்பநாட்டிற்கு ஒவ்வாத கம்பளி உடையையும் கழுத்துப்பட்டியையும் மேற்கொண்டமைக்கு இதுவே காரணம். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1905ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுநூலில் இப்போக்கை இரவற் சிறகு அணிதல் எனக் கடிந்தார். காந்தியடிகளும் அவ்வழியே சென்று மீண்டவரே. சட்டம் பயில இலண்டன் சென்ற இளமைக் காலத்திலே பொண்ட் தெருவில் பத்துப் பவுண் கொடுத்து மாலையுடை தைப்பித்தமையை அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். 1921ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள் மதுரையிலே அவர் முழங்கால் அளவான துண்டை மேற்கொண்டார். 1927ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற்கும் அக்கோலத்திலேயே வந்தார். 1931ஆம் ஆண்டிலே, அவர் அரைநிருவாணமாக அரசப் பிரதிநிதியின் மாளிகைப் படியேறுகின்றார் எனச் சேர்ச்சில் பழித்தார். அவ்வாண்டிலேயே அதே உடையுடன் ஐந்தாம் யோர்ஜ் மன்னரின் அரண்மனைக்கும் அவர் சென்றார்.

காந்தியடிகளின் எளிமையைப் போற்றும் நாம் ஒன்றை மறத்தலாகாது. அவர் யாரென்பதை உலகம் அறிந்திருந்தது. அவரது துண்டு தாமே தெரிந்துகொண்ட விரதம். பெயர் அறியப்படாத ஓர் ஏழை அதே துண்டுடன் கச்சேரி வாயிலிலே நின்றால் அதனை விரதமென்பார் இலர். செல்வனின் எளிமை பண்பெனப் புகழப்படுகின்றது. வறியவனின் எளிமையோ திறமையின்மைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. ஆதலினாலேயே வறியவர் சிலர் கடன்பட்டேனும் நல்லுடை வாங்குகின்றனர். 'உண்ண இல்லாதவனுக்கு உடுப்பு எதற்கு?' என அவர்களை ஏளனஞ் செய்தல் எளிது. ஆயின் உடையைக் கண்டே ஆசனம் இடும் உலகிலே அக்கடன் வீண்பெருமையன்று. கதவு திறப்பதற்குக் கொடுக்கும் கட்டணமாம். அக்கட்டணத்தை விதித்தவர் நாமே.

இவ்வுண்மை மிகக் கூர்மையாகத் தோன்றுமிடம் பாடசாலை. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து, கட்டணம் என்னும் தடை நீங்கியது. ஆயினும் வெள்ளைச் சட்டைக்கு வழியில்லாத பிள்ளைக்குக் கல்வி முற்றும் இலவசமாகிவிடவில்லை. அரசாங்கம் மாணவர்க்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்கத் தொடங்கியது 1993ஆம் ஆண்டிலேதான். கட்டணத் தடை நீங்கியதற்கும் துணித் தடை தளர்ந்ததற்கும் இடையே நாற்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன. ஆடை எத்துணை பெரிய தடை என்பதைக் காண நாம் எத்துணைக் காலம் தாழ்த்தோம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

சீருடை நல்லதொரு சமனாக்கி என்பதில் ஐயமில்லை. எனினும் அது முற்றான மருந்தன்று. ஒரே சட்டையை இரவிலே துவைத்துக் காலையில் ஈரத்துடன் அணிந்து வரும் பிள்ளையும், ஐந்து சட்டை வைத்திருக்கும் பிள்ளையும் தூரத்திலிருந்து நோக்குவார்க்கே ஒன்றுபோலத் தோன்றுவர். மங்கிய வெண்மையும் தேய்ந்த சப்பாத்தும் வகுப்பறையிலே தாமே பேசும். 'ஏன் இப்படி வந்தாய்?' என்று எல்லார் முன்னிலையிலும் ஆசிரியர் கேட்கும் கேள்வி, விடை கூற இயலாத பிள்ளையைப் பாடசாலையிலிருந்தே அகற்றிவிடவும் கூடும். தூய்மையைக் கற்பித்தல் ஆசிரியர் கடமையே. ஆயின் அழுக்கிற்கும் வறுமைக்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் அதனினும் முந்திய கடமையாகும்.

இனி, நாம் செய்யத்தக்கது யாது? கண்ணின் சாய்வை மனவுறுதி ஒன்றினாலேயே முற்றாக நீக்கல் அரிதென மேற்கூறிய ஆராய்ச்சி உணர்த்துகின்றது. ஆதலின் உடை முந்திப் பேசாதவாறு நம் நடைமுறைகளை அமைத்தல் வேண்டும். புலமைப்பரிசிலுக்கும் உத்தியோகத்திற்கும் ஆளைத் தெரிவோர், விண்ணப்பத்தையும் எழுத்து வேலையையும் பார்த்து முதலிற் புள்ளியிட்டுவிட்டு, அதன்பின் நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தல் நன்று. வைத்தியசாலையிலும் கந்தோரிலும் வந்தவர் வரிசைப்படியே ஆசனமும் விடையும் பெறுதல் வேண்டும். வறிய மாணவர்க்கு உடை வழங்கும் சங்கங்கள், மேடையிலே பெயர் கூறி அழைத்துப் புகைப்படம் எடுத்து வழங்குதலைக் கைவிட்டு, வகுப்பாசிரியர் வாயிலாக ஒருவரும் அறியாமல் வழங்குதல் சிறப்பு. மானத்தை மறைக்கக் கொடுக்கும் துணியே மானத்தைப் போக்குவதாக அமையலாகாதன்றோ?

நல்லுடை உடுத்தல் குற்றமன்று. விழாவிற்கும் சபைக்கும் ஏற்ப உடுத்தல் பிறரை மதித்தலின் ஒரு முறையுமாகும். ஆயின் நம் உடையால் நாம் பெறும் மதிப்பு, இன்னொருவர் உடையின்மையால் இழக்கும் மதிப்பாக இருத்தலாகாது. இக்கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று பல நாடுகளிலே, பிறருடைய விண்ணப்பத்திற்கு விடை சொல்லும் ஆசனங்களில் அமர்ந்துள்ளனர். அவ்வாசனத்தின் முன்னே கசங்கிய சட்டையுடன் ஒருவர் வந்து நிற்கும்போது, அவர் வாய்திறந்து தம் கருமத்தைக் கூறி முடிக்கும்வரை நம் தீர்ப்பை ஒத்திவைப்போமாயின், நாம் கற்ற கல்விக்கு அதுவே தக்க சான்றாகும்.