முனை ஒன்று, கேபிள் வேறு

2014இல் வந்த யுஎஸ்பி சி முனையை எந்தப் பக்கமாகத் திருப்பியும் செருகலாம். ஆனால் முனை ஒன்றாக இருப்பதாலேயே கேபிளும் ஒன்று என்று நம்பிவிடக் கூடாது. சாதாரண சி-சி கேபிள் 3 ஆம்பியர், அதிகபட்சம் 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் உள்ளே அடையாளச் சில்லு பொதிந்த 5 ஆம்பியர் கேபிள் தேவை. 2021இல் இதன் வரம்பு 240 வாட்டாக உயர்ந்தது. லேப்டாப் மெதுவாகச் சார்ஜ் ஆனால் சார்ஜரைக் குறைசொல்லும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

விலை கூடியதை வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 240 வாட் கேபிள்களிலும் பல, தரவை நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில்தான் கடத்தும். கல்யாண வீடியோவை ஹார்டு டிஸ்க்கில் ஏற்ற, 10 அல்லது 20 ஜிகாபிட் என்று அச்சிட்ட கேபிள்தான் உதவும். சில மலிவுக் கேபிள்களில் தரவுக் கம்பியே இருக்காது. அவை சார்ஜுக்கு மட்டும். மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: உப்புக்காற்றின் ஈரம் முனையின் உலோகத்தை அரிக்கும். பச்சை படிந்த கேபிளைச் சுரண்டிப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள். ஈரமான போனை நன்றாக உலரும்வரை சார்ஜில் போடாதீர்கள்.